மூன்றாவது விசில்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்கப் போவதில்லை என்று தையல்கடைக்காரி சபதம் எடுத்திருக்கிறாள் என்ற செய்தியைத் தெருவில் யாரும் நம்பவில்லை. அந்தச் செய்தியைத் தெரு முழுக்கச் சொன்னதே அவள்தான். பிறகு எப்படி நம்புவது?

தெருவில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். முகத்துக்கு நேரே தையல்கடை அக்கா. கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு விஷயம் காதில் விழுந்தால் வயிற்றில் தங்காது, அவ்வளவுதான் அவள் குறை. ஆனால் அந்தக் குறை போன வருஷம் ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிட்டது. அதுவும் சொந்தத் தங்கையின் வீட்டை.

தங்கையின் கணவன் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். வேறொரு பேக்கரியில் சேர ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தான். தங்கை அதை அக்காவிடம் மட்டும் சொன்னாள். மறுநாளே பேக்கரி முதலாளியின் மனைவி சட்டைக் கையைச் சுருக்கித் தரச்சொல்லிக் கடைக்கு வந்து நின்றாள். அளவு பார்த்துத் துணியில் குத்துவதற்காக அக்காவின் உதடுகளுக்கிடையே வரிசையாகக் குண்டூசிகள். மனிதப் பிறவி எடுத்த எவரும் அந்த நிலையில் பேசமாட்டார்கள். இவள் பேசினாள். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளையின் வேலை போயிற்று. புது பேக்கரிக்காரரும் 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கிக்கொண்டார்.

தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. போன் செய்தால் எடுத்தாள். "நல்லா இருக்கோம்." "சாப்டாச்சு." "சரிக்கா, வைக்கட்டுமா?" அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தங்கை வீட்டுக்குப் புது அலமாரி வந்ததைக்கூட அக்கா காய்கறிக்காரி வாயால் கேட்க வேண்டியதாயிற்று. ஊருக்கே செய்தி வாசிக்கிறவளுக்கு இதைவிட அவமானம் உண்டா?

அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்பதால் பொறுமைசாலி. அவர்தான் சகலையிடம் பேசி இந்த ஞாயிற்றுக்கிழமை மலை ரயில் பூங்காப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். தங்கை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"வரேன்க்கா. ஆனா எங்க வீட்டு விஷயம் எதையும் நீ கேக்கக்கூடாது. பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் எங்களைப் பத்திப் பேசக்கூடாது. இதான் கடைசி. இதுலயும் சொதப்பினேன்னா, அப்புறம் எனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சுக்கிறேன்."

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். குத்துவது அவளுக்குக் கை வந்த கலை.

கூரைமேல் 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு கார் மலை ஏறியது. முன்னால் ஆண்கள், பின்னால் அக்காவும் தங்கையும். அக்கா வாயில் புதினா மிட்டாய். வாயில் எதையாவது வைத்திருந்தால் பேச்சு வராது என்று கணக்கு. குண்டூசி விஷயத்தில் அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்பதை வசதியாக மறந்துவிட்டாள்.

பாதி வழியில் தங்கையின் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள், துண்டித்தாள். முன்னால் இருந்த கணவன் திரும்பிப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவன் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போயிற்று.

'யாருடி அது?' என்ற கேள்வி அக்காவின் தொண்டை வரை வந்துவிட்டது. மிட்டாயைக் கடித்து நொறுக்கினாள். சத்தம் கேட்டு மாஸ்டரே திரும்பிப் பார்த்தார்.

பூங்கா என்றால் பூச்செடிகள் அல்ல. ஒருகாலத்தில் சுரங்கத்துச் சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கிய மலைப்பாதை. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பிடுங்காமல் வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கீழ் நிலையத்தில் தண்டவாளம் முடியும் இடத்தில் கறுப்பு வர்ணம் பூசிய நீராவி எஞ்சின் ஒன்று நின்றது. அன்று ஏதோ ஒரு பள்ளிக்கூடமே அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. கீழிருந்து மேல் நிலையம் வரை பாதையோரமாக நடந்து ஏற வேண்டும். திரும்பும்போது திறந்த டிராலியில் உட்கார்ந்து இறங்கலாம். எல்லோரும் வருவது அந்த டிராலிக்காகத்தான்.

விடியற்காலையில் மழை பெய்திருந்தது. கற்படிகள் வழுக்கின. தங்கையும் அவள் கணவனும் முன்னால் போய்விட்டார்கள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னவோ பேசுவதும், அக்கா கிட்டே வந்தால் நிறுத்துவதுமாக இருந்தார்கள். பாதி ஏற்றத்தில் அக்காவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அங்கே பாறை ஒன்றின் வளைவுக்குச் சற்றுக் கீழே ஒரு மரக்கொட்டகை. வாசலில் ஆளுயர இரும்பு லீவர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தங்கை வீட்டு விஷயத்தைத்தானே பேசக்கூடாது? லீவரைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"ஏங்க, இதைப் பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்?" என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் லீவர்காரரின் மூத்த மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், சம்பந்தி எப்படிப்பட்டவர், இடுப்பு வலிக்கு எந்த மருத்துவர் சரியில்லை என்பது வரை வெளியே வந்துவிட்டது. நடுநடுவே லீவர் விஷயமும் வந்தது.

"இங்க தடம் ரெண்டாப் பிரியுதும்மா. நேராப் போனா கீழ் ஸ்டேஷன். இடது பக்கம் பாருங்க, மேட்டுல ஏறி மணல்ல போய் முடியுது. எப்பவும் தடம் மணல் பக்கம்தான் இருக்கும்."

"அதெப்படி? போற வழியை அடைச்சா வெச்சிருப்பீங்க?"

"அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான். வண்டி டிரைவரோட பிடியில இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? பாறை மறைக்குது, வண்டி கண்ணுக்குத் தெரியாது. பிடியில இருந்தா அவங்க மூணு தடவை விசில் குடுக்கணும். மூணும் கேட்டாத்தான் லீவரை இழுத்து நேர்த் தடத்தைத் திறப்பேன். கேக்கலைன்னா வண்டி தானா மணலுக்குப் போயிடும். நீளமா மூணு. அதுக்கு 'நல்லா இருக்கோம், வழி விடு'ன்னு அர்த்தம்."

"ஆபத்துன்னா ஊதறதில்லையா?"

"ஆபத்துன்னா ஊதவே கூடாது. அதாம்மா சங்கதி." அவர் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். அவளிடம் எல்லோருமே ஏனோ ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். "இப்பல்லாம் சும்மா விளையாட்டுத்தானே. சில நாள் ரெண்டு கேட்டதுமே இழுத்துடுவேன். மூணாவதுக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

இதைக் கேட்டதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லாருக்கே நியாயம்! நான் பட்டன் மூணு வைக்கவேண்டிய இடத்துல ரெண்டு வெச்சா நீங்க சும்மா விடுவீங்களா? மூணுன்னா மூணுதான். வயசான மனுஷன், இடுப்புவலிக்காரர், ஒக்காந்த இடத்துல வேலை. அதைக்கூட முழுசாப் பண்ண மாட்டீங்களா?"

"சரி தாயே, சரி. மூணு கேட்டுட்டே இழுக்கறேன்" என்று அவர் கும்பிடு போட்டார்.

நிமிர்ந்தபோது மேலே படிக்கட்டின் திருப்பத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அக்கா ஒரு முன்பின் தெரியாத ஆளோடு தலையைச் சேர்த்து வைத்துக் கிசுகிசுப்பதைத்தான் அவள் பார்த்தாள்.

"என்ன பேசிட்டிருந்தே?"

"லீவரைப் பத்திடி."

"லீவரைப் பத்தி அவ்வளவு நேரமா? கும்பிடறாரு, சிரிக்கறாரு. எங்க கதையைச் சொல்லியாச்சா? வேலை போன கதை?"

"சத்தியமா இல்லடி..."

தங்கை மீதியைக் கேட்கவில்லை. திரும்பி ஏறத் தொடங்கினாள். அக்காவுக்கு முட்டியைவிட வேறெங்கோ வலித்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக வாயைக் கட்டியிருக்கிறாள், அதற்கும் இந்தப் பழி.

மேல் நிலையத்தில் டிராலி தயாராக இருந்தது. நான்கு சக்கரம், இரண்டு பெஞ்சு, பின்னால் நின்றபடி பிரேக் பிடிக்க இரும்பு வளையம் ஒன்று. வளையத்தைச் சுற்றினால் சங்கிலி இறுகும், சங்கிலி இறுகினால் மரக்கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். பிரேக்காரர் கழுத்தில்லாத பெரிய மனிதர். முன் பெஞ்சில் உட்காருகிற விருந்தாளி கையில் விசிலைக் கொடுப்பது அங்கே வழக்கம். முட்டிக்காக அக்காவை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். கயிற்றோடு பித்தளை விசில் அவள் கழுத்தில் விழுந்தது.

"அவகிட்டயா குடுக்கறீங்க?" என்றாள் தங்கை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டே. "கூடாத நேரத்துல ஊதிடுவா, பாத்துக்குங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாஸ்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார். அக்கா விசிலை முந்தானையால் துடைத்தாள்.

பிரேக்காரர் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார். "வெள்ளைக் கல் வந்ததும் விசில். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு மூணு. ஏன்னா..." ஏன் என்பதை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை படம் எடுத்துக்கொண்டிருந்தான். தங்கை மறுபடி அடித்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பிரேக் வளையத்தையே பார்த்தார். "ஒரே ஒரு பிரேக்தானா?" என்று கேட்டார். தொழில் புத்தி.

டிராலி நகர்ந்தது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. ஈரக் காற்று, கீழே மரங்களின் தலைகள், குட்டையான ஒரு குகைக்குள் புகுந்து வெளியே வரும்போது எல்லோர் காதையும் அடைக்கும் இரைச்சல். குகையைத் தாண்டியதும் சரிவு கூடியது. தண்டவாளத்தில் ஈரச் சருகுகள். சக்கரம் வழுக்குவது பெஞ்சின் வழியாகவே தெரிந்தது. பிரேக்காரர் சுற்றினார். இன்னும் சுற்றினார். "ஈரம், வேறொண்ணுமில்ல" என்றார், யாரும் கேட்காமலே. அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் பயம் வந்தது.

வெள்ளைக் கல் வந்தது.

அக்கா ஊதினாள். நீளமாக, அழகாக. மலை அதைத் திருப்பிச் சொன்னது. கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாவதையும் ஊதினாள். சரியாகச் செய்கிறேனா என்று பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கணத்தில் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். சங்கிலி அறுந்தது. முறுக்கி வைத்திருந்த வளையம் திரும்பிச் சுழன்று, அதன் கைப்பிடி பிரேக்காரரின் நெஞ்சில் இடித்தது. அந்தப் பெரிய மனிதர் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. வளையம் காற்றாடி மாதிரி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

டிராலிக்கு விடுதலை கிடைத்தது.

மாஸ்டர் வலது காலைப் பலகையில் ஓங்கி மிதித்தார். பழக்க தோஷம். மாப்பிள்ளை போனைக் கீழே போட்டான். பிரேக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்காவைப் பார்த்துக் கையை வேகவேகமாக ஆட்டினார்.

"ஊதச் சொல்றாரு!" என்று கத்தினாள் தங்கை. "ஊதுக்கா! கீழே எல்லாரும் நிக்கறாங்க, ஊது!"

"அக்கா, ஊதுங்க!" இது மாப்பிள்ளை.

விசில் அவள் பற்களுக்கிடையேதான் இருந்தது. ஊதவேண்டியதே இல்லை. பயத்தில் வாங்கும் மூச்சு வெளியே போனாலே போதும், விசில் கத்திவிடும். குண்டூசியோடு பேசிய அதே வாய். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. மூணு கேட்டால் வழி திறக்கும். வழி திறந்தால் நேரே கீழ் ஸ்டேஷன், எஞ்சின், அதன்மேல் அந்தப் பிள்ளைகள்.

விசிலை உள்ளங்கையில் துப்பி மூடிக்கொண்டாள்.

"ஊதக்கூடாதுடி!"

"பைத்தியமா நீ? குடு இங்க!" தங்கை அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரிக்கத் தொடங்கினாள். ஓடிப்போகிற நரம்பையெல்லாம் தேடிப் பிடிக்கிற விரல்கள். அக்காவின் சுண்டுவிரல் பிரிந்தது, அடுத்ததும் பிரிந்தது. விளக்கிச் சொல்ல நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தையல்கடைக்காரிக்குச் சொல்வதற்கு விஷயம் இருந்தது, நேரம் இல்லை. கழுத்துக் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தாள். அது கொண்டையில் மாட்டி, கொண்டை ஊசியோடும் கொஞ்சம் முடியோடும் சேர்ந்து வந்தது. அப்படியே பள்ளத்தில் வீசினாள்.

தங்கை அவளைப் பார்த்த பார்வையை அக்கா சாகும்வரை மறக்கமாட்டாள். அதில் கோபம்கூட இல்லை. 'இதையும் செய்துவிட்டாயா?' என்பதுபோல் ஒரு பார்வை.

பாறை வளைவு நெருங்கியது. அப்போதுதான் அக்காவுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 'சில நாள் ரெண்டு கேட்டதுமே இழுத்துடுவேன்.' இரண்டு ஊதியாகிவிட்டது. அழகாக வேறு ஊதித் தொலைத்தாள்.

தங்கையின் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தினாள். தங்கை திமிறினாள், விடவில்லை. வளைவு திரும்பியது. கொட்டகை தெரிந்தது. லீவரின் பக்கத்தில் ஒரு உருவம். கை லீவர்மேலா, இடுப்பின்மேலா? தடம் இரண்டாகப் பிரியும் இடம் ஈரத்தில் பளபளத்தது. எது திறந்திருக்கிறது என்று அந்த வேகத்தில் கடவுளாலும் சொல்ல முடியாது.

டிராலி ஒரு உலுக்கு உலுக்கி இடது பக்கம் திரும்பியது.

மேடு. வேகம் குறைந்தது. பிறகு சக்கரங்கள் மணலுக்குள் இறங்கின. யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் வண்டி நின்றது. முன்னால் இருந்த இருவரும் மணலில் போய் விழுந்தார்கள், அக்கா கீழே, தங்கை மேலே. மாஸ்டரின் ஒரு செருப்பு எங்கோ பறந்திருந்தது. அவர் கால் இன்னும் பலகையை மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

"நின்னுடுச்சு" என்றார், தானே நிறுத்தியதுபோல்.

தங்கை எழுந்தாள். கன்னத்தில் மணல், முழங்கையில் சிராய்ப்பு. ஒரு வருஷமாகப் போடாத சண்டையை அங்கேயே போட்டாள்.

"எப்பப் பேசக்கூடாதோ அப்பப் பேசுவே! வாயைத் திறன்னு கெஞ்சறப்போ விசிலைத் தூக்கிப் போடுவே! அவர் வேலையைத் தொலைச்சது போதாதா உனக்கு? இன்னிக்கு எங்க உசிரையும் சேத்தா? நீயெல்லாம்..."

அக்கா மணலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். பேசவில்லை. பேச முடியவில்லை என்பதுதான் சரி. பல் கிட்டிப் போயிருந்தது.

பிரேக்காரருக்கு அப்போதுதான் மூச்சு திரும்பியது. "ஊதாதீங்கன்னு..." என்றார். இருமினார். "ஊதாதீங்கன்னுதாம்மா கையாட்டினேன்."

தங்கை பாதியில் நிறுத்தினாள்.

கொட்டகையிலிருந்து லீவர்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அக்காவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு கேட்டுது தாயே. கை லீவருக்குப் போயிடுச்சு. பாதி இழுத்துட்டேன்னே வெச்சுக்குங்க. அப்பத்தான் காலையில நீங்க வாங்கின வாங்கு ஞாபகம் வந்துது. மூணாவது வரட்டும்னு நின்னேன். அது வரவே இல்ல." அவர் கீழ் நிலையத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பிள்ளைகளின் கூச்சல் முன்புபோலவே கேட்டுக்கொண்டிருந்தது. "நல்லவேளை, நீங்க பேசினீங்க."

மாப்பிள்ளைதான் முதலில் தண்டவாளத்தைப் பார்த்தான், பிறகு மணலை, பிறகு கீழே எஞ்சினை. அப்படியே டிராலியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"லீவரைப் பத்திதான் பேசினேன்னு சொன்னேனேடி" என்றாள் அக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

தங்கை அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அக்காவின் கையை எடுத்து, தான் பிரித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள், எலும்பு எதுவும் போயிருக்கிறதா என்று. சுண்டுவிரல் வீங்கத் தொடங்கியிருந்தது. கலைந்த கொண்டையை அள்ளி முடிந்துவிட்டாள். ஊசி இல்லாததால் அது நிற்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத் தங்கையின் போன் மறுபடி அடித்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன், சொல் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தான். போனை அமர்த்திவிட்டு, அக்காவின் காதருகே குனிந்து, கையை மறைப்பாக வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். அக்காவின் கண்கள் விரிந்தன. தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

என்ன என்று மாஸ்டர் கேட்டார். இருவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் தெருவுக்கு எப்படித் தெரியும் என்றால், தையல்கடைக்காரி சொல்லித்தான். மழையைச் சொன்னாள், சங்கிலியைச் சொன்னாள், லீவர்காரரின் சம்பந்தியைக்கூட விடவில்லை. வீங்கிய சுண்டுவிரலை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். வாரத்துக்கு இரண்டு முறை தங்கை கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதைத் தெருவே பார்க்கிறது. ஆனால் மணலில் காதோடு சொன்னது என்ன? பால்காரர் கேட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு டீச்சர் பழைய ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் கேட்டுப் பார்த்தாள். பேக்கரி முதலாளியின் மனைவியே ஒருநாள் சரிசெய்ய ஒன்றுமே இல்லாத நல்ல சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, பேச்சை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள்.

தையல்கடைக்காரி அவள் கையை நீட்டச் சொன்னாள். டப்பாவைத் திறந்து குண்டூசிகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதடுகளுக்கிடையே வைத்துக்கொண்டு அளவு பார்க்கத் தொடங்கினாள். சட்டை முடிகிற வரை அவள் வாயிலிருந்து ஊசியைத் தவிர வேறெதுவும் வெளியே வரவில்லை.